நிவாவின் தவளை வேஷம்

நாகோயாவில் ஓசு கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஆம்பிளைகளுக்கு வேஷ உடுப்பு எங்கே தைப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும் என் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை முடித்து, பதினைந்து வயதில் கொதோ தீவிலிருந்து கப்பலும் ரயிலும் மாறி வந்தவன் நான். சினிமாப் போர்வீரன், கார்ட்டூன் கொள்ளைக்காரன், விண்வெளிக் காவலன், எந்தப் படத்தைக் காட்டினாலும் தைத்துவிடுவேன். தையல் பெரிய விஷயமில்லை, யோசனைதான் பெரிது. படியேறி வருகிறவனின் நடையைப் பார்த்தே இவனுக்கு எந்த வேஷம் ஒட்டும் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பெரும்பாலும் தப்பியதில்லை.

நிவா யசுஹிகோவின் விஷயத்திலும் தப்பவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அவன் குழாய் வால்வு செய்யும் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தான். வருஷக் கடைசி விருந்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மேடையேறி எதையாவது செய்து காட்ட வேண்டும். அதற்காக வந்தவன் வாசலிலேயே தயங்கி நின்று, முகம் தெரியாத வேஷமாக ஒன்று வேண்டும் என்றான். குட்டைக் கால், அகன்ற வாய், முழங்கை இரண்டும் வெளியே தள்ளிய நடை. அப்போது டிவியில் ஒரு தவளை டாக்டர் கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. தன் நெஞ்சைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு மல்லாந்து விழுவார் அந்த டாக்டர். அதையே தைத்துக் கொடுத்தேன். முதுகில் ஜிப் என்பதால் மாட்டிவிட நானே போனேன். நிவா மேடையில் அதேபோல மல்லாந்து விழுந்தான். முதலாளி குசகாபே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த வருஷம் புது ஆட்கள் வந்தால் பழையவர்கள் மேடையை விட்டு இறங்கிவிடுவதுதான் வழக்கம். நிவாவை இறங்க விடவில்லை. பதினோரு வருஷம் தவளை. அந்த வேஷத்தில் அவனை எடுத்த படத்தைக் கடைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் வருஷம் நவம்பரில் கடைக்கு வந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். ஒரு லாரிக்காரரின் கால் நசுங்கியதைக் கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறான். பின்வரிசையில் யாரோ தவளை மாதிரிக் கத்த, பாதிப் பேர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்களாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதனாலேயே கோபப்படவும் அவனுக்கு வழியில்லை. டொயோஹாஷி கிளைக்குத் தலைமை ஆள் தேடுகிறார்கள், அங்கே தவளையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றான்.

"இந்த வருஷம் வேஷம் வேணாம் பெரியவரே. முதலாளி முன்னாடி என் முகத்தோட போயி, டொயோஹாஷிக்கு அனுப்புங்கன்னு கேக்கணும்."

"வெறும் கோட்டோட போனா உன்ன யாரு தம்பி திரும்பிப் பாப்பா? அதுக்கும் ஒரு உடுப்பு இருக்கு" என்றேன்.

பழைய காலத்துச் சினிமாவில், பிரபுவின் சபைக்கு வரும் அதிகாரி போட்டிருப்பானே, தோள் இரண்டும் சிறகுபோல விறைத்து நிற்கும் மேலங்கி, அதைச் சொன்னேன். அதைப் போட்டவன் முன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். நல்ல சாம்பல் நிறத் துணியெடுத்து, தோளுக்கு இரட்டைக் கஞ்சி போட்டுத் தைத்தேன். என் கையால் அதற்கு முன் அப்படி ஒன்று தைத்ததில்லை.

விருந்து ஓர் உணவுவிடுதியின் பாய் விரித்த கூடத்தில் நடந்தது. நிவா உள்ளே போனதும் நான் சொன்னதுபோலவே அறுபது பேரும் அடங்கினார்கள். மாட்டிவிடப் போயிருந்த நான் கதவிடுக்கில் நின்று பார்த்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. நேராக முதலாளியின் எதிரே போய் மண்டியிட்டான். பெரிய வேண்டுதல் என்றால் எங்கள் ஊரில் செய்வதுபோல, இரண்டு உள்ளங்கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தான்.

முழங்கைகள் வெளியே தள்ளின. கஞ்சித் தோள்கள் இரண்டு பக்கமும் விரிந்தன. அவன் பேசத் தொடங்குமுன் எனக்கே தெரிந்துவிட்டது, தவளையேதான்.

"தவளை டாக்டர் அரண்மனை வைத்தியரா ஆயிட்டாருடோய்" என்றது ஒரு குரல். கூடமே இடிந்து விழுந்ததுபோலச் சிரிப்பு. தவளைச் சட்டையே இல்லாமல் தவளையைக் கொண்டுவந்துவிட்டானே என்று முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார்.

நிவா தலையைத் தூக்கவில்லை. இது வேஷமில்லை, என் வேண்டுதல் என்று அந்த இடத்தில் சொன்னால், சிரித்த அறுபது பேரும் தலைகுனிய வேண்டும். விருந்து வைத்த முதலாளியும்தான். அதை அவனால் செய்ய முடியாது. அங்கிருந்த யாராலும் முடியாது. பிறகு மெல்ல நிமிர்ந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மல்லாந்து விழுந்தான்.

முதலாளி தானே எழுந்து வந்து அவன் கிண்ணத்தில் சாகே மதுவை ஊற்றினார்.

"டொயோஹாஷிக்கு உன்னைப் போடலாம்னு பேச்சு வந்துது. நான்தான் தடுத்துட்டேன். நீ போயிட்டா வருஷக் கடைசில நாங்க யாரைப் பாத்துச் சிரிக்கிறது?"

மரியாதையாகத்தான் சொன்னார். நிவா இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தான்.

அடுத்த நவம்பரில் தவளைச் சட்டையை எடுக்க வந்தான். அது உள்ளே பெட்டியில் பழுதில்லாமல்தான் இருந்தது. பூச்சி அரித்துவிட்டது, இனி என்னால் தைக்க முடியாது என்றேன். அப்படியொரு வார்த்தை அதுவரை என் வாயிலிருந்து வந்ததில்லை.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது?"

"ஓசு கிழவனுக்குக் கை நடுங்குது, தொழில விட்டுட்டான்னு சொல்லு."

பெட்டி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எனக்காக உங்க பேரக் கெடுத்துக்காதீங்க பெரியவரே. புதுசா ஒண்ணு வெட்டுங்க. இடுப்புல மட்டும் ரெண்டு விரக்கடை விட்டுத் தையுங்க."

சொல்லிவிட்டு, நான் அளவெடுக்க வசதியாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.