தங்கம் பாடாது

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். அச்சுக் கோக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஹெட்போன் காதில் பட்டபோது இருந்த குளிர்ச்சி மட்டும் பிழையில்லாமல் நினைவிருக்கிறது. கறுப்பாக, கெட்டியாக, கிணற்றடிக் கல்லைப் போல் சில்லென்று இருக்கும். பழைய ரப்பர் வாசனையும், யார் யாருடைய தலை எண்ணெயோ ஏறிப்போன வாசனையும் அதில் கலந்து வீசும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பள்ளி அறிவியல் அறையில் கிடந்ததை அக்கா எஸ்தர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தங்க வயலில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், "லைன்" என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், மேலே "ஜிங்க் ஷீட்டு" தகரம். நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, வேலை மர யார்டில். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கும் கட்டைகளை அறுத்து அனுப்புவார். அவர் மட்டும் ஆளை இறக்குகிற "கேஜ்" கூண்டில் ஏறிக் கீழே போனதே இல்லை. கீழே போனவர் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் மாமா. அக்கா பிறந்த வருஷம் அவர் கைக்குட்டையில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்து, தங்கக் கல், பெண் பெரியவளானால் உதவும், வைத்துக்கொள் என்று நைனாவிடம் கொடுத்தாராம். அடுத்த வருஷமே பாறை வெடித்து அவர் கீழேயே செத்துப்போனார்.

எலுமிச்சம்பழ அளவு இருக்கும் அந்தக் கல். பித்தளை மஞ்சள், பக்கங்கள் செதுக்கினது மாதிரி சதுரம் சதுரமாக மின்னும். அரிசி டின்னின் அடியில் பழைய பனியனில் சுற்றி நைனா அதை ஒளித்து வைத்திருந்தார். சுரங்கத்துக் கல்லோடு பிடிபட்டால் வேலையும் போய் ஜெயிலும் கிடைக்கும் என்ற பயத்தில் யாரிடமும் அவர் காட்டியதில்லை. காட்டாததால் அது என்ன கல் என்று சொல்லவும் யாருமில்லை. சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று லைன் முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. நைனா மட்டும் கலங்கவில்லை. அக்கா பத்தாவது முடித்ததும் கல்லை வேலூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டு, அவளைப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேறு எந்த வழியும் எங்களுக்கு இல்லை. "புருசனுக்கு சோறு வடிக்கிறதா, கல்லுக்கு காவல் இருக்கறதா?" என்று அரிசி எடுக்கும்போதெல்லாம் அம்மா முனகுவார்.

அந்த வருஷம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, பேட்டரியும் கரண்டும் இல்லாமல் பாடுகிற ரேடியோ செய்வதாக அக்கா பெயர் கொடுத்துவிட்டாள். பேசக் கூச்சப்பட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் அவள் பிடித்துவைத்துப் பாடம் நடத்துவாள். டார்ச் செல், சின்ன பல்பு, இரண்டு துண்டு ஒயர். நடுவில் அம்மாவின் தங்கக் கம்மலை வைத்தாள், கரண்டியை வைத்தாள், செம்புக் கம்பியை வைத்தாள், பல்பு எரிந்தது. இவையெல்லாம் கரண்டை விடும், "கண்டக்டர்". கண்ணாடி வளையல், செருப்பு ரப்பர், தட்டியில் உடைத்த காய்ந்த மூங்கில் என்று வைத்தபோது எரியவில்லை. இவை "இன்சுலேட்டர்". ஒயருக்கு மேலே ரப்பர் போர்த்தியிருப்பதே கரண்டு வழியை விட்டு வெளியே போகாமல் இருக்கத்தான் என்றாள். இரண்டுக்கும் நடுவில் "செமிகண்டக்டர்" என்று ஒரு ஜாதி உண்டு, முழுக்க விடாது, முழுக்க மறுக்காது. அதன்மேல் ஓர் ஊசிமுனையைத் தொட்டுவைத்தால் அந்த இடத்தில் ஒரு பக்கமாக மட்டும் கரண்டு போகும், திரும்பி வராது, காற்றில் வருகிற ரேடியோ அலையைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்ற அது போதும் என்று அவள் சொன்னபோது, உள்ளே போகிறவர்களை விட்டு வெளியே வருகிறவர்களைத் தடுக்கிற சுரங்க வாசல் கேட் மாதிரி நான் அதை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு "டயோடு" என்று ஒரு சின்னப் பொருள் வேண்டும். ராபர்ட்சன்பேட்டை ரேடியோ கடையில் இல்லை, பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். டயோடு இல்லாத பழைய நாளில் சுரங்கத்தில் கிடைக்கும் மின்னுகிற கல்லை வைத்தே ரேடியோ கேட்டார்கள் என்று அவள் புத்தகத்தில் இருந்தது. அக்கா அரிசி டின்னைப் பார்த்தாள்.

நைனா முதலில் பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், சனிக்கிழமை சாயங்காலம் தானே எடுத்துக் கொடுத்தார். ஒரே நாள்தான், கதவைச் சாத்திக்கொண்டு செய், கீறல் விழக்கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் வேலை தொடங்கியது. ரேடியோ அலையைப் பிடிக்கிற கம்பியைக் கூரையிலிருந்து வேப்பமரம் வரை நைனாவே ஏறிக் கட்டினார். மரத்தில் கரண்டு இறங்காமலிருக்க இரண்டு முனையிலும் கண்ணாடி வளையல். கரண்டு மண்ணில் இறங்குவதற்கு இன்னொரு கம்பி தெருக்குழாயின் இரும்புக்குப் போனது. அட்டைக்குழலில் சுற்றிய கம்பியின் நுனிப் பூச்சைப் பிளேடால் சுரண்டினேன். எல்லாம் ஆனது, சத்தம் வரவில்லை. அக்காவின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கூரை ஓரத்தில் கம்பி தகரத்தில் உரசுவதைக் கண்டுபிடித்தவர் நைனாதான். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினார்.

அக்கா ஊசியைக் கல்லின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஓர் இடத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி, ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். பிறகு பாட்டு. ஹெட்போனின் ஒரு பக்கம் நைனா காதில், மறுபக்கம் என் காதில். நைனா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, என்னிடமிருந்து பிடுங்கி அம்மா காதில் வைத்தார்.

"பாத்தியா, கல்லு கல்லுன்னியே. தங்கம்னா சும்மாவா? அதான் பாடுது. இன்னா எஸ்தரு?"

அக்கா ஊசியைப் பிடித்திருந்த விரல் அப்படியே நின்றது. அதுவரை ரேடியோ நினைப்பிலேயே இருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நைனா இன்னொரு முறை கேட்டார்.

"தங்கம் பாடாது நைனா," என்றாள். "அது செம்பு மாதிரி. போறதையும் வுடும், வர்றதையும் வுடும். சத்தமே வராது."

"அப்போ இது?"

அவள் அம்மாவின் கம்மலைக் கேட்டு வாங்கி, கல் இருந்த இடத்தில் வைத்து ஊசியைத் தொட்டுவைத்தாள். பாட்டு நின்றது. நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. நைனா கையைக் காட்ட, மறுபடி கல்லை வைத்தாள். பாட்டு வந்தது. பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு நைனா ஹெட்போனை மெதுவாகக் கழற்றிப் பாயில் வைத்தார்.

"ஸ்கூலுக்கு எடுத்துகினு போம்மா," என்றார். "தொறந்தே எடுத்துகினு போ. இனிமே யாரு புடிக்கப் போறாங்க?"

அம்மா கம்மலைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கண்காட்சியில் அக்காவுக்கு முதல் பரிசு. பத்தாவதிலும் நல்ல மார்க். பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் விடியற்காலை ரயிலேறிப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பச்சை அட்டைகளில் டயோடுகளைக் குத்தி ஈயம் வைக்கிற வேலை. எது எந்தப் பக்கம் விடும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அந்த நாளில் அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. சொல்லியிருந்தாலும் வேலூரில் ஒரு தட்டான் உண்மையைச் சொல்லியிருப்பான், பாலிடெக்னிக் கிடைத்திருக்காது என்று புரிய வெகுநாள் ஆனது. கோபம் போன இடத்தில் வருத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது.

2001இல் சுரங்கம் மூடியது. நேரம் சொன்ன சங்கு ஓய்ந்தது. எங்கள் லைனில் பாதி வீடுகளில் தகரம் இல்லை, ஆளும் இல்லை. இருக்கிறவர்கள் என்னைப் போல விடியுமுன் ரயிலேறி இருட்டியபின் திரும்புகிறவர்கள். கம்பி கட்டி ரேடியோ கேட்கிற பிள்ளை எங்கும் இல்லை. சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்களிடம் பின்னாளில் கேட்டேன். அந்த மஞ்சள் கல் கீழே எங்கும் கிடக்குமாம், அது தங்கமில்லை என்று கீழே இறங்கிய எல்லாருக்கும் தெரியுமாம், பூட்ஸ் காலால் தள்ளிவிட்டுப் போவார்களாம். அக்காவிடம் சொன்னேன். தனக்கு அது முன்பே தெரியும் என்றாள்.

போன வருஷம் நைனா படுக்கையில் இருந்தார். பேச்சு குறைந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அது தங்கம் இல்லன்னு ஆரோக்கியத்துக்குத் தெரியுமா?"

அக்கா அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அவருக்கும் தெரியாது நைனா. தெரிஞ்சா குடுத்திருப்பாரா?"

நைனா தலையை ஆட்டினார். மிச்சக் கஞ்சியையும் குடித்தார்.

எழுதி முடித்தது: 9 நவம்பர் 2024, சனிக்கிழமை.