சிவப்பு நாசில்

சிமெண்ட் தரைக்குச் சிவப்பு நாசிலைத் தொடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் நான். தென்னூரில் வீடு. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மெஷினை வைத்துக்கொண்டு வாசலும் மொட்டை மாடியும் கழுவிக் கொடுப்பது என் பிழைப்பு. அதன் குழாய் முனையில் மாட்டும் மூக்குதான் நாசில். பச்சை நாசிலில் தண்ணீர் விசிறியாக விரியும், தரைக்கு அதுதான். வெள்ளை இன்னும் அகலம், பெயிண்ட் அடித்த இடத்துக்கு. சிவப்பில் ஊசி மாதிரி ஒரே புள்ளியில் இறங்கும். இரும்புத் துருவுக்கு மட்டும். நான் விளக்கும் தோரணையைப் பார்த்தால் மெஷினைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்று நினைப்பீர்கள்.

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கார்த்திகை விளக்கு வைத்த எண்ணெய்க் கறை வாசல் முழுக்க வட்ட வட்டமாக இருந்தது. "கோலம் போட வாசல் பளிச்சுனு வேணும் தம்பி. எங்க வீட்டுக்காரரு கையால போட்ட தரை, பாத்துச் செய்யுங்க" என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் கொத்தனார். இடுப்பு ஒடிந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வாசல் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் கட்டில்.

பச்சை நாசிலில் தரை அருமையாக வந்தது. எண்ணெய் வட்டங்கள் மட்டும் அசையவில்லை. சோப்புப் போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டால் போயிருக்கும். ஆனால் அடுத்துக் கழுவ வேண்டிய வீட்டிலிருந்து போன் மேல் போன். சிவப்பை மாட்டி, ஒரு சாண் உயரத்தில் பிடித்தேன். கறை போயிற்று, கூடவே தரையும் போயிற்று. நடு வாசலில் கோடு கோடாகப் பள்ளம். உள்ளே இருந்த ஜல்லி பல்லைக் காட்டியது.

"ஐயையோ, என்ன தம்பி இது?"

தப்பை ஒப்புக்கொள்ள ஒரு நொடி போதும். அந்த நொடியில் என் வாய் முந்திக்கொண்டது. "கலவை சரியில்லீங்கம்மா. மணல் கூடிப்போச்சு. நல்ல தரையா இருந்தா இப்படிப் பேராது."

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மணல் கூடிப்போச்சா?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

அந்த அம்மா காபி கொண்டுவந்து, "உங்களச் சொல்லிக் குத்தமில்ல தம்பி" என்றார். அதையும் குடித்தேன். வெட்கங்கெட்டவன்.

அதன் பிறகு ஸ்ரீரங்கத்தில் வேலை வந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். மார்கழி பாதியில் ஒருநாள் காலை தப்பிக்க வழியில்லை, பக்கத்து வீட்டிலேயே வேலை. அந்த வாசலைப் பார்த்தேன். கோலமாவு பள்ளங்களில் விழுந்து, ஒவ்வொரு இழையும் நடுவில் அறுந்து கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் அவர் கட்டிலருகே நின்றேன்.

"மணல் கூடலீங்கய்யா. அவசரத்துல நான்தான் தப்பான நாசிலை மாட்டுனேன். பழிய உங்க மேல போட்டுட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "எவ்வளவு ஒசரத்துல புடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு சாணுங்க."

கையை நீட்டினார். பையிலிருந்த சிவப்பு நாசிலைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கி அந்தச் சின்ன ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், "கலவை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா அவருக்குத் தூக்கமில்ல தம்பி. முசிறிப் பக்கம் ஒரு ஸ்கூலுக்குத் தளம் போட்டாரு. அதுலயும் மணல் கூடியிருக்குமோ, கீழ புள்ளைங்க ஒக்காந்திருக்குமேனு ஒரே பொலம்பல். முந்தாநேத்து ஆள் அனுப்பி விரிசல் இருக்கானு பாக்கச் சொன்னாரு."

அவர் நாசிலைத் திருப்பி நீட்டினார். வாங்க எனக்குக் கை வரவில்லை.