முப்பத்தொரு நான்குகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலி டீச்சர் என்று பெயர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது.

டீச்சர் ஆவதற்கு முன்னால் ஏழு வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் படிக்கும்போது இயற்கணிதம் என்றாலே அவளுக்குப் பயம். எண்களுக்கு நடுவே ஒரு எழுத்து எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டால், "போட்டுப் பார், வரும்" என்றார்கள். போட்டுப் பார்த்தாள், வரவில்லை. இருபத்தாறு வயதில், கூட்டமில்லாத மத்தியான நேரங்களில் கவுண்டர் கம்பிகளுக்குப் பின்னால் பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே படித்தபோதுதான் அது பிடிபட்டது. அட, இவ்வளவுதானா என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டு, படித்து, டீச்சரானாள்.

அதனால் அவள் வகுப்பில் எக்ஸைப் பார்த்து ஒரு பிள்ளையும் பயப்படக் கூடாது. அதற்காகவே வேலியைக் கண்டுபிடித்தாள். வகுப்பறையின் குறுக்கே ஒரு கயிறு. அதுதான் சமன் குறி, அதுதான் வேலி. பிள்ளைகள் கையில் அட்டைகள். ஒரு பக்கம் கூட்டல் மூன்று என்றால் மறுபக்கம் கழித்தல் மூன்று. ஒரு பக்கம் பெருக்கல் மூன்று என்றால் மறுபக்கம் வகுத்தல் மூன்று. அட்டை வைத்திருக்கும் பிள்ளை கயிற்றைத் தாண்டும்போது அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வகுப்பே சேர்ந்து கத்தும்: "வேலி தாண்டினா வேஷம் மாறும்." எக்ஸ் அட்டை வைத்திருக்கும் பிள்ளை தனியாக நின்றால் கணக்கு முடிந்தது. பக்கத்து வகுப்புக்காரர்கள் சத்தம் தாங்காமல் எட்டிப் பார்ப்பார்கள். மண்டூகம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகூட மூன்றே நாளில் சமன்பாடு போடும். மற்ற பள்ளி ஆசிரியர்கள் வந்து அட்டைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

இந்த வருடம் பாடப்புத்தகம் மாறியது. மேல் வகுப்பில் இருந்த சில கணக்குகள் ஒரு வகுப்பு கீழே, அவள் வகுப்புக்கு வந்துவிட்டன. பாடத்தின் கடைசியில் மைனஸ் இரண்டு எக்ஸ், மைனஸ் ஐந்து எக்ஸ் என்று நான்கு கணக்குகள். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் அதே மாதிரிதான், வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டாள்.

அரையாண்டுத் தேர்வில் ஏழாவது கேள்வி: மைனஸ் மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு. எக்ஸ் எவ்வளவு? விடை மைனஸ் நான்கு. அந்தப் பள்ளியில் ஒருவர் வகுப்புத் தாளை இன்னொருவர்தான் திருத்துவார். இந்த வகுப்புத் தாள்கள் தலைமையாசிரியையிடம் போயின. அவரும் கணக்கு டீச்சர்தான், மேல் வகுப்புகளுக்கு எடுப்பவர். செவ்வாய்க்கிழமை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

மேசை முழுக்கத் தாள்கள். தேர்வு எழுதியவர்கள் முப்பத்து மூன்று பேர். இரண்டு பேர் ஏழாவது கேள்வியைத் தொடவில்லை. மற்ற முப்பத்தொரு பேரும் நான்கு என்று எழுதியிருந்தார்கள். விடை மட்டுமல்ல, அதற்கு முந்தைய வரியும் ஒன்றுபோல் இருந்தது: எக்ஸ் சமம் பன்னிரண்டு வகுத்தல் மூன்று. அன்றைக்கு மேற்பார்வைக்கு இருந்த ஓவிய ஆசிரியர் ஃபோன் வந்து வெளியே போனதையும் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"சரியான விடை ஒண்ணா இருந்தா பரவாயில்லை, டீச்சர். தப்பு எப்படி ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

அவர் வீடுகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். முழு வகுப்பும் காப்பி அடித்ததால் கணக்குத் தேர்வு ரத்து, மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவர்களுக்கு அடுத்த வருடம் பள்ளி நடத்தும் சிறப்புக் கணக்குப் பிரிவில் இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை கடிதம் போகும் என்றார்.

ஆசிரியர் அறைக்கு வருவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு அவ்வளவு செல்லம் கொடுத்தால் தலைமேல்தான் ஏறும் என்றார் ஒருவர். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இரவெல்லாம் அல்ல, அந்த ஒரு மத்தியானம் முழுக்க அவளுக்குப் பிள்ளைகள் மேல்தான் கோபம்.

புதன்கிழமை, தேர்வன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாணவி திரும்பி வந்தாள். உயரமான பெண், கடைசி பெஞ்ச், பேச்சுக்குப் பேச்சு வாயாடுவாள். நூலகத்தின் மூலையில் அவளைத் தனியாக உட்காரவைத்து, விட்டுப்போன தேர்வை எழுதச் சொன்னாள் டீச்சர். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கேள்விகள் மட்டும் அதே கேள்விகள்.

ஏழாவது கேள்விக்கு வந்ததும் அந்தப் பெண் நிற்கவில்லை, யோசிக்கவில்லை. எக்ஸ் சமம் பன்னிரண்டு வகுத்தல் மூன்று. நான்கு. எழுதிவிட்டு எட்டாவதுக்குப் போனாள்.

"இரு. இதை எப்படிப் போட்ட?"

"நீங்க சொன்ன மாதிரிதான் டீச்சர். மைனஸ் மூணு வேலி தாண்டுது. மைனஸ் ப்ளஸ் ஆயிடும், பெருக்கல் வகுத்தல் ஆயிடும்."

"ரெண்டுமா மாறும்?"

"வேஷம்னா முழுசாத்தானே மாறும்? பாதி வேஷத்தோட யாராவது தாண்டுவாங்களா?" என்று சொல்லிச் சிரித்தாள் அந்தப் பெண். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தப்பா என்று கேட்டாள்.

தப்பு அவளுடையது இல்லை என்பது டீச்சருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். அந்த அட்டைப் பெட்டியில் மைனஸ் மூன்றால் பெருக்கு என்று ஒரு அட்டை பதினெட்டு வருடமாக இல்லை. அவளுடைய பாடத்தில் அது வந்ததே இல்லை, அதனால் அவளுக்குத் தோன்றவும் இல்லை. இல்லாத அட்டையை, இந்தப் பெண்ணையும் சேர்த்து, முப்பத்திரண்டு பிள்ளைகள் அவரவர் தலைக்குள்ளேயே வெட்டி, மறுபக்கத்தில் வகுத்தல் ப்ளஸ் மூன்று என்று எழுதிக்கொண்டார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லையே. அவளுக்கு அன்று சொல்லித்தந்தவர்கள் போட்டுப் பார் என்றார்கள். இவள் திருப்பிப் பிடி என்றாள். சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள் என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்குமா?

"வேலியே பயிரை மேஞ்சுடுச்சுன்னு சொல்ற."

"விளையாடாதீங்க."

பிறகு அவர் உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். முப்பத்தொரு பிள்ளைகள் திருடர்கள் ஆவார்கள் என்றாள். சொன்னால்? பதினெட்டு வருடமாகச் சொல்லித்தந்தது அரைகுறை என்று ஊருக்கே தெரியும். அவர் கடைச் சாவியை எடுத்தார். கண்ணாடி பவர் தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கண்ணைக் குறை சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அந்தப் பெண் நூலகத்தில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். யாருமே பக்கத்தில் இல்லாமல் எழுதிய நான்கு. அவர் அதை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தனக்கு இது தோன்றாமல் போனதே என்ற எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"மேல் வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் இந்த இடத்துல மைனஸைத் தொலைச்சிட்டுத்தான் நிக்கும். அலட்சியம், அலட்சியம்னு எத்தனை வருஷம் திட்டியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வழி சொன்னார். கேள்வித்தாளில் அச்சுப் பிழை, மைனஸ் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று அறிவித்துவிடலாம். நான்கு என்று எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண். பிள்ளைகள் பெயரும் கெடாது, அவள் பெயரும் கெடாது.

அவள் மனசு அந்தப் பக்கம் முக்கால்வாசி தூரம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. சரி மேடம் என்று இரண்டு சொல் சொன்னால் போதும்.

"அப்ப நாலுதான் சரின்னு நம்பிடுவாங்க மேடம்" என்றாள். "அதே தப்போட உங்ககிட்ட வருவாங்க. நீங்க மறுபடியும் திட்டுவீங்க."

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். கடிதத்தை நீங்களே எழுதுங்கள் என்றார். குரலில் கனிவும் இல்லை, கடுமையும் இல்லை.

வெள்ளிக்கிழமை போன கடிதத்தில் நான்கே வரிகள். பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை. நான் சொல்லித்தந்த முறை இந்த வகைக் கணக்குக்குப் பொருந்தாது என்பதை நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு. பாடம் மறுபடி நடத்தப்படும். கீழே அவளுடைய சொந்தப் பெயர்.

சனிக்கிழமை நான்கு பெற்றோர் வந்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார் ஒருவர். இத்தனை வருடம் தெரியாத டீச்சருக்கு இனிமேல் மட்டும் என்ன தெரியப்போகிறது என்று இன்னொருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். தன் மகளை வேறு டீச்சரின் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போனார். அடுத்த வருடம் இந்த வகுப்பு அவளுக்கா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் கயிறு கட்டவில்லை. பலகையில் மைனஸ் மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு என்று எழுதினாள். எக்ஸுக்குப் பதில் நான்கை வைத்துப் பெருக்கச் சொன்னாள். மைனஸ் பன்னிரண்டு வந்தது. வந்த விடையைத் திரும்ப வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. வேலி எப்போதும் சரியாகவே கொண்டுவிட்டதால் அவள் பழக்கவும் இல்லை.

"அப்ப வேலி பொய்யா டீச்சர்?" என்றாள் அந்த உயரமான பெண்.

"பொய் இல்ல. ஆனா எதுவும் எங்கேயும் தாண்டல. ரெண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செஞ்சோம். அதை நான் உங்ககிட்ட சொல்லல."

இரண்டு பக்கத்தையும் மைனஸ் மூன்றால் வகுக்கச் சொன்னாள். ஏன் ப்ளஸ் மூன்றால் வகுக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை கேட்டது. அதையும் செய்து பார்த்தார்கள். மைனஸ் எக்ஸ் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று சண்டை வந்தது. மணி அடித்தபோது பலகையில் ஒன்றரைக் கணக்குதான் இருந்தது.

"இப்படிப் போட்டா ரொம்ப நேரம் ஆகுது டீச்சர்" என்றாள் அந்தப் பெண், குறையாக.

"ஆகும்" என்றாள் அவள். மீதி அரைக் கணக்கை அழிக்க வேண்டாம் என்று அடுத்த பாடத்துக்கு வந்து நின்ற ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.