துவாயில் இருந்த பச்சை

அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான். என்னோடு இருந்த டொக்டர் மாற்றலாகிப் போனபிறகு அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. கிழமையில் ஐந்து நாளும் காலை எட்டு மணியிலிருந்து ஆட்கள். கர்ப்பிணிகள், பித்தப்பைக் கல், ஈரல் வீக்கம், மறுபடியும் கர்ப்பிணிகள். பின்னேரமானால் வலது தோளைத் தூக்கித் தலை வார முடியாது. உப்புக்குளத்தில் வாடகைக்கு எடுத்த அறையில் இடது கையால் சீப்புப் பிடிக்கப் பழகியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணியிருக்கும். கடைசிக் கர்ப்பிணியை அனுப்பிவிட்டு இயந்திரத்தை அணைக்கப் போனபோது பிள்ளைகள் வாட்டிலிருந்து ஒரு தாய் வந்தாள். கையில் பிறந்து ஆறு நாளான ஆண்குழந்தை. கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டு, வாயைத் துடைத்துத் துடைத்துக் காதுவரை இழுபட்டிருந்தது. அவள் நீட்டிய துண்டுச்சீட்டில் ஒரே வரி: சத்தி எடுக்கிறது, பால் தங்கவில்லை, பார்க்கவும்.

பிறந்த பிள்ளைகள் சத்தி எடுப்பது புதினமில்லை.

"நாளைக்குக் காலமை முதல் ஆளாப் பாக்கிறன், தங்கச்சி. இண்டைக்கு நேரம் போட்டுது," என்றேன்.

நேரம் போகவில்லை. எனக்குத்தான் ஏலாமல் இருந்தது.

அவள் வாதாடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, பையிலிருந்து அவனுக்கு வாய் துடைக்கிற சின்னத் துவாயை எடுத்தாள்.

"இதை ஒருக்காப் பாருங்கோ, டொக்டர். படியேறி வரேக்க எடுத்தவன். காலமை எடுத்ததை வாட்டில காட்டுறதுக்கிடையில காய்ஞ்சு மஞ்சளாப் போச்சு. அவை தங்கட கொப்பியில மஞ்சள் எண்டு எழுதிப்போட்டினம். மஞ்சள் இல்லை."

துவாயை விரித்தாள். மஞ்சள் இல்லைத்தான். முருங்கையிலையைக் கசக்கிப் பிழிந்ததுபோல ஈரமான பச்சை.

சின்னக் குழந்தை பச்சையாகச் சத்தி எடுத்தால், வேறு காரணம் தெரியவரும்வரை குடலில் அடைப்பு என்றே நினைக்கவேண்டும். பித்தநீர் வந்து சேருகிற இடத்துக்குக் கீழே எங்கேயோ வழி மூடியிருக்கிறது. இது படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும். துண்டுச்சீட்டில் பச்சை என்று எழுதியிருந்தால் நாளைக்கு வா என்று சொல்லியிருக்க மாட்டேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என்ன நிறம் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

"பிள்ளையைக் கட்டிலில கிடத்துங்கோ," என்றேன்.

ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தடவினேன். வயிறு பொருமவில்லை. மெத்தென்றிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. திரையில் இரைப்பை முழுக்க நீர் நின்றது. அதைத் தாண்டி, குடலுக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடியைத் தேடினேன். அதன் பக்கத்தில், இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற நாளம் நேராக ஓடவேண்டும். இவனுக்கு நாளம் நாடியைச் சுற்றிக்கொண்டு போனது. இரத்த ஓட்டத்துக்கு நிறம் போட்டுப் பார்த்தேன். சிவப்பைச் சுற்றி நீலம், சுற்றிச் சுற்றி.

தாயின் வயிற்றில் வளரும்போது குடல் சரியாகத் திரும்பி அமையாமல் நின்றுவிட்டால், பிறந்தபிறகு அது தன் காம்பிலேயே முறுகிக்கொள்ளலாம். முறுகினால் பால் போகிற வழியோடு இரத்தம் போகிற வழியும் அடைபடும். அடுத்தநாள் காலைவரை அந்தக் குடல் தாங்கியிருக்காது.

"என்ன, டொக்டர்?"

"குடல் முறுகியிருக்குது. ஒப்பரேசன் செய்யவேணும். இப்பவே யாழ்ப்பாணம் அனுப்பவேணும். இனிப் பால் குடுக்காதேங்கோ."

"பசியில கத்துவானே," என்றாள். முதலில் அதுதான் அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து, "வயித்துக்குள்ள இருக்கேக்க நீங்கள்தான் ஸ்கான் பாத்தனீங்கள். எல்லாம் நல்லாயிருக்கு எண்டனீங்கள். அப்ப காட்டாதோ?" என்று கேட்டாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. அறியத்தான் கேட்டாள்.

"அநேகமாக் காட்டாது, தங்கச்சி. முறுகின பிறகுதான் தெரியும்."

அது உண்மை. ஆனாலும் சொல்லும்போது பொய் சொல்வதுபோல நா தடுமாறியது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கான சத்திரசிகிச்சை நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நிச்சயமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப வேற படம் எடுத்து மினக்கெட வேண்டாம். அனுப்புங்கோ." வாட்டில் மூக்கால் குழாய் விட்டு, சேலைன் ஏற்றி, ஒரு மணித்தியாலத்துக்குள் அம்புலன்சில் அனுப்பினார்கள்.

நான் வாடகை அறைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். அடுத்தநாள் எட்டு மணிக்கு முன்னரே வந்து அவளுடைய பழைய ஸ்கானைத் தேடியெடுத்தேன். கீழே என் கையெழுத்து. படங்களை இரண்டு தரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கண்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மத்தியானம் நிபுணர் தொலைபேசியில் அழைத்தார். "மூண்டு சுத்து. கறுத்துத்தான் இருந்தது. அவிட்டுச் சூட்டுத் துணி சுத்தி வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தம். மெல்ல மெல்ல நிறம் திரும்பிட்டுது. ஒரு துண்டும் வெட்டேல்லை."

"இண்டைக்குக் காலமைதான் வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதை விடுங்கோ," என்றார்.

ஆறேழு மாதம் கழித்து, பிள்ளையை வாட்டு டொக்டரிடம் காட்ட வந்த அந்தத் தாய் ஸ்கான் அறைக்கும் வந்தாள். பிள்ளை இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டினாள். அப்போதுதான் அன்றைய பயணத்தைச் சொன்னாள். யாழ்ப்பாணம் போகிற வீதி இலுப்பைக்கடவையில் அவர்களுடைய வீட்டைத் தாண்டித்தான் போகிறது. வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த கணவர், மாற்றுச் சீலையும் தண்ணீர்ப் போத்தலும் போட்ட பையோடு வீதியோரத்தில் நின்றாராம். சாரதி ஒரு நிமிடம் நிறுத்தினார். மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் கணவர் பையை உள்ளே வைத்துவிட்டு, போங்கோ என்று கையைத்தான் காட்டினாராம். பிறகு மோட்டச்சைக்கிளில் பின்னாலேயே வந்து, பூநகரிக்குக் கிட்டப் பெற்றோல் முடிந்து நின்றுவிட்டாராம்.

"அழுதுகொண்டு உருட்டினவராம்," என்று சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "அண்டைக்கு நான் உங்களை நாளைக்கு வரச்சொன்னனான்," என்றேன்.

"ஓம். பிறகு பாத்தனீங்கள்தானே, டொக்டர்."

அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல எழும்பினாள். "பஸ்சுக்கு இன்னும் நேரம் கிடக்கு. வெளி வாங்கில இருந்து இவனுக்குப் பால் குடுக்கட்டோ?"

"குடுங்கோ," என்றேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நீள வாங்கில் இருந்த ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். நான் அடுத்த துண்டுச்சீட்டை வாங்கிப் பெயரை வாசித்தேன்.