காசியம்மாவின் தொண்டை

காசியம்மா மீனைக் கூவி விற்பதில்லை. வாசலில் கூடையை இறக்கி, நாதாங்கியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஆள் வரும்வரை முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டு நிற்பாள். விலை சொல்வதும் முணுமுணுப்புதான். "மீன் விக்கிறியா, திருடிக்கிட்டு ஓடுறியாடி?" என்று காரைக்கால் சௌந்தரவல்லி அம்மாள் கேலி செய்தால், "மெதுவா பேசுங்கம்மா" என்பாள். மற்ற மீன்காரிகள் தெருமுனையில் ஒரு குரல் கொடுத்துக் கூடையைக் காலி செய்துவிட்டுப் போக, இவளுடைய கிழங்கான் மீன் மட்டும் வெயிலில் வாடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் அந்தக் குரலை. மண்டபத்தூர்க் கரையில் நின்று அவள் கத்தினால், கடலில் இருக்கும் புருஷன் சுப்ராயன் துடுப்பை நிறுத்துவான் என்பார்கள். அவ்வளவு தொண்டை அவளுக்கு வேண்டித்தான் இருந்தது. மகள் அல்லிக்குப் பிறவியிலேயே இரண்டு காதிலும் துவாரம் இல்லை. மடல் இருக்க வேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவு சதை. ஊர்ப் பிள்ளைகளை மாமன் மடியில் வைத்துக் காது குத்தும் நாட்களில் இவள் அல்லியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடுவாள். பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால்தான் அது திரும்பிப் பார்க்கும்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம், உள்ளூர் டாக்டர் சொல்லிச் சென்னைக்குப் போனார்கள். உள்காது நன்றாகத்தான் இருக்கிறது, வாசல்தான் இல்லை என்றார்கள் அங்கே. வலது பக்கத்து எலும்பைக் குடைந்து வழி உண்டாக்கி, தொடைத் தோலை எடுத்து உள்ளே ஒட்டினார்கள். கட்டு அவிழ்த்த அன்று காசியம்மா பழக்க தோஷத்தில் பெயர் சொல்லிக் கத்திவிட்டாள். பிள்ளை அலறிக் காதைப் பொத்திக்கொண்டது. புண் ஆறும்வரை பெரிய சத்தம் ஆகாது என்று டாக்டர் சொன்னதை, அவள் ஆயுசுக்கும் சேர்த்து முடிந்துகொண்டாள். பிள்ளை இல்லாத இடத்தில் கத்தினால் என்ன என்று கேட்டால், "தெருவுல கத்துன வாயி வீட்டுல சும்மா இருக்குமாங்க?" என்பாள்.

இரண்டு வருஷம் அல்லிக்குக் கேட்டது. பேச்சும் கொழகொழவென்று வந்தது. போன ஆடியில் கரையேறிய கட்டுமரம் ஒன்று அலையில் புரண்டு பிள்ளை மேல் வந்தபோது, காசியம்மா தன்னை மறந்து கத்தினாள். அந்தக் குரலுக்குத்தான் பிள்ளை துள்ளி விலகிப் பிழைத்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காது கேட்பது குறையத் தொடங்கியது. சதை வளர்ந்து வழி தூர்ந்துகொண்டு வருகிறது, மறுபடி குடைந்தால் முகத்து நரம்பு அறுந்து வாய் கோணிப்போகலாம் என்று சென்னையில் கைவிரித்துவிட்டார்கள். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்கள். அவள் நம்பினால்தானே!

"எந்தொண்டதாங்க அத அடச்சிருச்சு. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்த வேணாமா?"

 

நேற்று விற்காத மீனோடு அவள் வீடு திரும்பியபோது, அல்லி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. காசியம்மா மெல்ல ஏதோ சொன்னாள். எட்டவில்லை. "கத்தும்மா" என்றது பிள்ளை. அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அல்லி கிட்டே வந்து, தாயின் தாடையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டது. எலும்பு வழியாக அம்மாவின் குரல் வரும் என்று அதுவாகவே கண்டுபிடித்திருக்கிறது.

அந்த வழியையும் அடைத்துவிடக் கூடாதென்று காசியம்மா பல்லைக் கடித்து, வாயை இறுக மூடிக்கொண்டாள்.