மதினியின் கோணல் தையல்

எங்கள் பரம்பரைத் தொழில் துண்டுப் போர்வை தைப்பதாம். கண்டக்குழியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு விடுதியில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அப்படி எழுதி மாட்டியிருக்கிறார்கள். கடலோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த கலை என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். என் உம்மா மன்னாரில் இருந்தபோதும் சரி, தொண்ணூறில் எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது உடுத்த துணியோடு இங்கே வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்தபோதும் சரி, பொத்தான் அறுந்தால்தான் ஊசியைத் தொடுவார். நான் இதைப் படித்தது கொரோனாக் காலத்தில், போனில், யாரோ ஒரு வெள்ளைக்காரி தைத்துக் காட்டியதைப் பார்த்து. அவளுடைய பேச்சு எனக்கு விளங்கவில்லை, கை விளங்கியது. இதைச் சொன்னால் விடுதிக்காரரின் முகம் சுருங்கிவிடும். வெள்ளைக்காரியின் வேலையை வெள்ளைக்காரருக்கே விற்பது எப்படி?

ஆடைத் தொழிற்சாலைகள் கழித்த துணி மதுரங்குளிக்கு மூட்டையாக வரும். அதை வாங்கிவந்து சதுரம் சதுரமாக வெட்டி, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்களைப் பொருத்தினால் ஒரு கட்டம். கட்டங்களை வரிசையாக இணைத்து, உள்ளே பஞ்சு விரித்து, அடியில் முழுத்துணி ஒன்றை வைத்துத் தைத்தால் போர்வை. சொல்ல இவ்வளவுதான். தைக்க உட்கார்ந்தால்தான் தெரியும். ஒரு கட்டம் கொஞ்சம் பெருத்தாலும் அடுத்த வரிசை அதோடு ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் எல்லாச் சதுரங்களையும் ஒரே அளவு மட்டையை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடிழுத்து வெட்ட வேண்டும். என்னுடைய மட்டை பிஸ்கட் பெட்டி ஒன்றின் மூடியில் வெட்டியது.

போன வருடம் என் வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு போர்வைகள் ஓடின. விடுதிக்கு இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று. 'கடல் நிறத்தில்' வேண்டும் என்று அந்த மனிதர் மூன்று நாள் மூன்று கடல் படங்களை அனுப்பினார், மூன்றும் மூன்று நிறம். மாம்புரிப் பக்கத்து ஆசிரியை ஒருவருக்கு அவருடைய தங்கையின் கல்யாணத்துக்கு ஒன்று. வெள்ளையும் பொன்னிறமும் என்றவர், நான் பாதி வெட்டிய பிறகு இளஞ்சிவப்பு என்றார். மூன்றாவது, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த மகளின் பிள்ளைக்கு. நான்காவது எனக்கே எனக்கு; நாலு வருடமாகத் தைக்கிறேன், இன்னும் ஒரு காலைக்கூட மூடாது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுத்தால் என்ன என்று என் கணவர் கேட்பார். கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் இரண்டை முற்றத்தில் துருப்பிடிக்க விட்டிருக்கும் மனிதர் கேட்கிற கேள்வி அது.

ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு பை. எந்தப் பையில் எது கிடக்கிறது என்பது எனக்கே தெரியாது. மட்டையைக் காணவில்லை என்றால் நான் தேடிக்கொண்டிருப்பதில்லை. வெட்டி வைத்த துணிச் சதுரம் ஒன்றை எடுத்து வேறொரு அட்டையில் வைத்து, சுற்றிக் கோடிழுத்து, புது மட்டை வெட்டிக்கொள்வேன். அதுவும் தொலைந்தால், அதில் வெட்டிய துண்டை வைத்து இன்னொன்று. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டதும் உண்டு.

விடுதிப் போர்வைக்கு மட்டும் எழுபதுக்கு மேல் கட்டங்கள். தனியாக முடியாதென்று மதினியைக் கூட்டுச் சேர்த்தேன். மதினி என் நானாவின், அதாவது அண்ணனின், மனைவி, பக்கத்து வளவு. நானாவுக்கு முதுகு போய்க் கடலுக்குப் போவது நின்ற பிறகு, அந்த வீட்டில் அடுப்பெரிவது அவருடைய தையல் மெஷினால்தான். ஊரில் பாதிப் பேருடைய அபாயா அங்கிக்குக் கரை மடித்துத் தைப்பதும், பள்ளிப் பிள்ளைகளின் உடுப்புத் தைப்பதும் அவர்தான். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஒரு இளக்காரம், அது சிறு வயதிலிருந்தே இருக்கிறது. நான் சதுரங்களை வெட்டிக் கொடுப்பேன். அவர் தம் வீட்டில் வைத்துக் கட்டமாகப் பொருத்தித் தருவார். இதுதான் ஏற்பாடு.

மகளைப் பார்க்க ஒரு பின்னேரம் ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். வட்டலப்பமும் தேத்தண்ணியும் ஓடிக்கொண்டிருந்த நேரம். மதினி தைத்த கட்டங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே, மெதுவாக,

"மச்சி, இந்தத் துண்டுகள் வர வரப் பெருக்குது போல விளங்குது. ஒருக்காப் பாருங்க" என்றார்.

சபை கூடியிருந்தால் என் நாக்குக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும்.

"துணி பெருக்குமா மதினி? தண்ணியில ஊறப்போட்ட பாண் துண்டா அது?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. பையிலிருந்து இரண்டு கட்டங்களை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன். ஒன்றில் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையல் ஓடியிருந்தது. மற்றதில் அதைவிட உள்ளே தள்ளி ஓடியிருந்தது.

"இஞ்ச பாருங்க. ஒண்டு கிழக்கால போகுது, ஒண்டு மேற்கால போகுது. கண் தெரியாட்டி ஒரு கண்ணாடிய வாங்கிப் போடுங்க மதினி. இப்படியே தைச்சா ஒரு நாளைக்கு விரலையும் சேத்துத் தைச்சிருவீங்க."

ஒரு பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மதினி என் கையிலிருந்த கட்டங்களை வாங்கி, மடித்துப் பையில் வைத்தார்.

"சரி மச்சி. இனிக் கால் அங்குலத்திலேயே தைக்கிறன்."

பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, வட்டலப்பம் தின்னாமலே போய்விட்டார். அவர்கள் எல்லோரும் போன பிறகு மகள், "அவ்வளவு பேருக்கு முன்னால ஏன் உம்மா?" என்று கேட்டாள். பிழையைப் பிழை என்று சொல்லாமல் கொஞ்சச் சொல்கிறாயா என்று அவளையும் அடக்கினேன்.

இரண்டு கிழமையில் மிச்சக் கட்டங்கள் வந்தன. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் கோடு போட்டதுபோல ஒரே அளவில் கால் அங்குலம். ஏசினால்தான் ஆட்கள் திருந்துவார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வரிசை கோக்கத் தொடங்கினேன். முதல் நான்கு வரிசைகள் சொன்ன சொல் கேட்டன. ஐந்தாவது வரிசை நான்காவதைவிட ஒரு விரல் நீளம். ஆறாவது இன்னும் நீளம். இழுத்துத் தைத்தால் போர்வை அலை அலையாக எழும்பியது. விடுதிக்காரர் கேட்ட கடல் அங்கே தரையில் கிடந்தது.

மறுபடி மதினியிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் எழுந்தேன். போவதற்கு முன் அளவுக்கு ஒரு மட்டை வேண்டுமே. பிள்ளைப் போர்வையின் பையைக் கொட்டியபோது பழைய பிஸ்கட் மூடி மட்டை, முதன்முதல் வெட்டியது, அதன் அடியில் கிடந்தது. அதை எடுத்து, அப்போது நான் பாவித்துக்கொண்டிருந்த மட்டையின்மேல் வைத்தேன். புது மட்டை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறையும் துணியைச் சுற்றிக் கோடிழுத்தபோது பென்சிலின் தடிப்பு அளவில் கூடிக்கொண்டே போயிருக்கிறது. துணி பெருக்கத்தான் செய்திருக்கிறது. பெருக்கியது நான்.

நான் பழித்த கட்டங்களையும் கூட வந்தவற்றையும் முதல் வரிசைகளிலிருந்து பிரித்தெடுத்து முன்பக்கம் மேலே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். எல்லாம் ஒரே அளவு. ஒரு நூல் பிசகில்லை. துண்டு பெருக்கப் பெருக்க மதினி தையலை உள்ளே தள்ளித் தள்ளிப் போட்டு, கட்டத்தை அளவில் வைத்திருந்திருக்கிறார். பின்பக்கம் கோணலாகத் தெரிந்தது அதனால்தான். நான் ஏசியதும், சொன்ன சொல்லைக் கேட்டு நேராகத் தைத்தார், போர்வை கெட்டது. அத்தனை பேருக்கு முன்னால் ஆட்டிக் காட்டிய அந்தக் கட்டங்களோடு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மதினியின் மெஷின் சத்தம் வேலியைத் தாண்டி எப்போதும் கேட்கும். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற நாட்கள், உடுப்பு மலையாகக் குவிந்திருக்க வேண்டிய காலம். ஆனால் பல நாளாகச் சத்தம் இல்லை.

போய்ப் பார்த்தேன். மதினி விறாந்தையில் சாக்கை விரித்து, ஒரு வியாபாரி கொண்டுவந்து இறக்கிய சின்ன வெங்காயத்துக்கு வால் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் மூடிக் கிடந்தது.

"ஏன் மதினி, தையல் இல்லையா?"

"வருதில்ல மச்சி. எனக்குக் கண் தெரியாதெண்டு ஊரெல்லாம் கதை. அபாயா எல்லாம் சந்தியில இரிக்கிற தையல்காரனுக்குப் போகுதாம்."

கதை எங்கிருந்து கிளம்பியது என்று அவர் சொல்லவில்லை. நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து மட்டை விஷயத்தைச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு வராத சொல் அது.

"மட்டைதான் எண்டு தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"

"சொன்னேனே."

வெங்காயம் வெட்டுவது நிற்கவில்லை. அடுத்ததையும் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன மச்சி? அவங்களுக்கிட்டச் சொல்லுங்க."

நியாயம்தான். இதற்கிடையில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. போர்வை பாதியில் கிடந்ததால் அவள் மாமியார் வாங்கிவந்த கடைத் துவாயில்தான் பிள்ளை சுற்றப்பட்டது. அந்தக் கதை கிடக்கட்டும். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் வந்தபோது அதே பெண்கள் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டேன். சாப்பாடு முடிந்ததும் இரண்டு மட்டைகளையும் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். பிழை என்னுடையது, மதினியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அவர் தையல் என் தையலைவிட நூறு மடங்கு மேல் என்று உரக்கவே சொன்னேன். மதினி அந்த மூலையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குப் புரையேறியவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"உங்கட மனசு யாருக்கு வரும்? மதினிட பிழையையும் தன்ட தலையில போட்டுக்கிறீங்களே."

எல்லோரும் ஆமோதித்தார்கள். ஒருத்தி, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான் என்று துஆவும் செய்தாள். மதினியைப் பழித்து நான் சொன்ன ஒரு வாக்கியம் ஒரே பின்னேரத்தில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அவருக்காக நான் சொன்ன பத்து வாக்கியம் என் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. மட்டையை யாரும் குனிந்து பார்க்கவும் இல்லை. எழுந்து போகும்போது ஒருத்தி பையிலிருந்து தன் புது அபாயாவை எடுத்து என் கையில் திணித்தாள்.

"கரை மடிக்கணும். நீங்களே தைங்க, அவவுக்கிட்டக் குடுத்திராதீங்க."

வாங்கமாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் வாயெடுத்தேன். பின்னாலிருந்து மதினி, "வாங்குங்க மச்சி" என்று மெல்லச் சொன்னார். வாங்கினேன். அன்றிரவே அது வேலியைத் தாண்டி அவருடைய மெஷினுக்குப் போயிற்று.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அபாயாக்கள் என் வீட்டுக்கு வருகின்றன, மதினி தைக்கிறார், என் வீட்டிலிருந்து போகின்றன. கூலி முழுக்க அவருக்கு. பேர் முழுக்க எனக்கு. ஊர் மெச்சுகிற நேரான தையல்காரி நான். என்னால் நேராக ஒரு தலையணை உறைகூடத் தைக்க முடியாது. இந்த ஊரின் கண்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயத்தை எழுதினால் உறவு முறிந்துவிடும். அந்தக் கண்களைக் கெடுத்தவளும் நானே என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன கிழமை மதினி என் வீட்டில் பாயில் உட்கார்ந்து, அலை எழும்பிய அந்தப் போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்று புரையேறியவள் தன் அபாயாவை எடுக்க வந்தாள். கரையைத் திருப்பிப் பார்த்துத் தடவினாள்.

"உங்கட கைக்கு ஈடில்ல. மதினிக்கும் கொஞ்சம் பழக்கிக் குடுத்தா என்ன? பாவம், பக்கத்திலேயே இரிக்கிறா."

மதினி தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"பழக்குறாதான். நான்தான் மெதுவாப் படிக்கிறன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து மனம் நிறையச் சிரித்துவிட்டு, அபாயாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.