கப்பல் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாட்கள்

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் நாங்கள் ஏறிய ஆட்டோ, அத்தை வீடு இருந்த உப்பளம் பகுதிக்குள் திரும்பியபோது உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. வேர்வை என்றாள் அம்மா. "வேர்வ இல்ல, அதான் கடலு" என்றார் அப்பா, என்னவோ கடலைச் சொல்லிவைத்து அவரே வரவழைத்திருப்பதுபோல. எனக்கு அப்போது பத்து வயது. ஏரி நிரம்பினாலே குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போகிற கள்ளக்குறிச்சிக்காரி நான்.

அப்பா அங்கே பம்புசெட்டு மோட்டார் விற்கும் கடை வைத்திருந்தார். அந்த வருஷம் கம்பெனி சொன்னதைவிட அதிகமாக விற்றுவிட்டதால், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய்வரச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அப்பா வாழ்க்கையில் எதையும் பரிசாக வாங்கியவர் இல்லை. கப்பல் படம் போட்ட அந்தக் காகிதத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிரித்துப் பிரித்துக் காட்டி, அது மடிப்பில் கிழிந்தே போயிருந்தது.

சனிக்கிழமைதான் கப்பல். ஆனாலும் நாங்கள் புதன்கிழமையே புதுச்சேரிக்கு வந்து இறங்கியதற்குக் காரணம், அப்பா தானாகக் கண்டுபிடித்த ஒரு சித்தாந்தம்: கடலே பார்க்காதவன் திடுதிப்பென்று கப்பல் ஏறினால் வாந்தியெடுத்தே செத்துப்போவான், ஆகவே மூன்று நாளாவது கடலோரம் தங்கி உடம்பைத் தயார் செய்ய வேண்டும். இதற்குக் "கப்பல் பழக்கம்" என்று பெயர்கூட வைத்திருந்தார். உப்பளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, என் அத்தை, இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "முப்பது வருஷமா கடலுகிட்டயே கெடக்கறன். இன்னும் பஸ்ஸுல ஏறுனா எனக்குக் கொமட்டுது. நீ மூணு நாள்ல பழகிடுவியாடா?"

அன்று சாயங்காலமே அப்பா எங்களைக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஊரின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடின. தெருக்கோடியில் தெரிவது வானம் என்றுதான் நினைத்தேன். கிட்டே போகப் போக அந்த வானத்தின் அடிப்பாதி அசைந்தது. அப்படியே நின்றுவிட்டேன். கறுப்புப் பாறைகள்மேல் அலை வந்து மோதி ஆளுயரத்துக்கு எழும்பிற்று. தள்ளி, பழைய துறைமுகப் பாலம் எப்போதோ வந்துபோன கப்பல்களுக்காகத் தண்ணீருக்குள் கால் வைத்து நின்றிருந்தது. "அந்தாண்ட என்னப்பா இருக்குது?" என்று கேட்டேன். "தண்ணி." "அதுக்கும் அந்தாண்ட?" "அதுவும் தண்ணிதாம்மா." இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு நாளாக இங்கே இருந்திருக்கிறது, எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பாவும் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றிருந்தார்.

மறுநாள் காலை குளிக்கும்போது வயிற்றில் மூன்று கொப்புளங்களைப் பார்த்தேன். தொட்டால் நீர் கோத்திருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்துப் பெஞ்சுக்காரிக்கு அம்மை போட்டிருந்தது. அவள் கடித்த கொய்யாவைத்தான் நானும் கடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அம்மை என்றால் அது நோய் இல்லை, வீட்டுக்கு "ஆத்தா" வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆத்தா இறங்கி, வேப்பிலைத் தண்ணீரில் தலைக்குக் குளிப்பாட்டித் "தண்ணி ஊத்துற" வரைக்கும் வீட்டில் தாளிப்பு கிடையாது, மீன், கறி என்று கவிச்சி கிடையாது, யாரும் பிரயாணம் கிளம்பக் கூடாது. சொன்னால் கப்பல் இல்லை. அப்பாவின் மடிப்புக் கிழிந்த காகிதத்தை நினைத்துக்கொண்டேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பெரிய மார்க்கெட்டில் என் உயரத்துக்கு ஒரு மீனைப் பார்த்தேன். அதைத் தூக்கிவந்தவர் குழந்தையைப் படுக்கவைப்பதுபோலப் பலகைமேல் கிடத்தினார். அங்கிருந்து கப்பல் பழக்கத்தின் அடுத்த பாடமாக வீராம்பட்டினத்துக்குப் போய்க் கடலில் இறங்கினோம். அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குள் போனார். அலை ஒவ்வொன்றும் எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டுத் தீயாக எரிந்தாலும், பூமியே மூச்சு விடுவதுபோலிருந்த அந்த ஆட்டத்தை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. அப்பாதான் சட்டென்று போதும் என்று கரைக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கப்பலுக்காக வாங்கிய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். "புதுச்சேரி வெயில்ல ஸ்வெட்டராடி? பைத்தியமா ஒனக்கு?" என்று அம்மா கத்தினாள். "உடு, போட்டுக்கட்டும். கப்பல்ல குளிரும், இப்பவே பழகட்டும்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்வெட்டரோடுதான் கடல் பார்த்தேன். வெகு தொலைவில் சரக்குக் கப்பல் ஒன்று, நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் கிடந்தது. உடம்பு கொதித்தது, கண்ணுக்குள் கடல் பெருத்துக்கொண்டே போயிற்று. காய்ச்சலால் அப்படி நடுங்கினேனா, கடலைப் பார்த்தா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் தாக்குப்பிடித்துவிட்டால் போதும் என்று மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம், விடியலில் சென்னைக்குப் போக வேன் பேசிவர அப்பா வெளியே போயிருந்தார். அத்தை வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு எனக்கு வாந்தி வந்துவிட்டது. நெற்றியைத் தாங்கிப் பிடிக்க வந்த அத்தை, தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஒரு வார்த்தை பேசாமல் போய் அடுப்பை அணைத்தாள். வறுத்த மீனைச் சட்டியோடு அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கை கால் கழுவி, கொத்து வேப்பிலையோடு வந்து என் முன்னால் நின்று கும்பிட்டாள். "அம்மாடி, நீ வந்து உக்காந்துனுருக்கற. தெரியாம கவிச்சிய வறுத்துட்டன் தாயி, மனசுல வச்சிக்காத."

அந்த நேரத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, கடையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற என் அப்பா தரையில் மண்டிபோட்டு, எனக்குக் கைகுவித்துக்கொண்டிருந்தார். "தப்புப் பண்ணிட்டேன் தாயே, மன்னிச்சுடு" என்றார். மறைத்தவள் நான், கும்பிடுகிறவர் அவர். எனக்குள் நிஜமாகவே யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்களோ என்று பயந்துபோய், அசையாமல் இருந்தேன்.

"நீங்க மட்டுமாவது போய்ட்டு வாங்க" என்று அம்மா அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "இவள உட்டுட்டுப் போய் நான் எந்தக் கடலப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். மறுநாள் மாலை, வேப்பிலைப் படுக்கையிலிருந்து பார்த்தேன்: அப்பா மாடிப்படியில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக் கப்பல் உப்பளத்துக்கு நேரே வராது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். மூன்று தண்ணி ஊற்றிய பிறகு ஊர் திரும்பினோம். அதற்கப்புறம் அவர் கப்பல் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது அத்தை இல்லை. அவள் வீடு இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான லாட்ஜ் நிற்கிறது. பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதியைக் கடலே இடித்துக்கொண்டு போய்விட்டது. என் மகனுக்குக் குழந்தை மருத்துவர் ஊசி போட்டுவிட்டார்; அவனுக்கு அம்மை வராது, அவன் முன்னால் யாரும் கைகுவித்து நிற்கப் போவதும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் வேப்பிலை செருகிய வாசலைத் தெருவில் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவ்வப்போது யோசிக்கிறேன்.

போன மாதம் அப்பாவை அதே கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். இப்போதெல்லாம் இந்தப் பக்கமும் சொகுசுக் கப்பல் வந்து நிற்கிறதாம் என்று சொல்லி, "டிக்கெட் போடட்டுமாப்பா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததை அன்றுதான் சொன்னேன். "அன்னிக்கு அம்ம போட்டது எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. ஒங்க கப்பல் நின்னுடுமேன்னு மறைச்சு வச்சிருந்தேன்."

அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குந்தாம்மா தெரியும்" என்றார். "வீராம்பட்டினத்துல ஒன்னத் தோள்மேல தூக்குனப்பவே சட்ட ஒதுங்கி, முதுகுல கொப்புளத்தப் பாத்துட்டேன். வேர்க்குருவா இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். கப்பல் ஆசை. காய்ச்சல் புள்ளய வெயில்ல இழுத்துக்கினு திரிஞ்சேன். அன்னிக்கு நான் ஆத்தாவக் கும்பிட்டேன்னு எல்லாரும் நெனச்சாங்க. ஒன்னத்தாம்மா கும்பிட்டேன்."

எழுபதை நெருங்கும் அந்த மனிதர் அதைக் கடலைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.